தலைவர்களின் கடிதத்தை லேமினேட் செய்யாதீர்கள்

“ராஜாஜி, காமராஜர் கைப்படக் கடிதம் கிடைத்தால் உடனே லேமினேட் செய்துவிடுங்கள், ஆவணக் காப்பகத்திலேயே அப்படித்தான் செய்கிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள்.

டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவானது வேறு முறை. செல்லுலோஸ் அசிடேட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் மெல்லிய டிஷ்யூவையும் வைத்து, அதைக் கரைக்கும் அசிட்டோன் திரவத்தைத் தொட்டுக் கையாலேயே ஒட்டுவார்கள். சூடே கிடையாது; தேவைப்பட்டால் பிரிக்கவும் முடியும். ஜெராக்ஸ் கடை இயந்திரமோ நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, பிளாஸ்டிக் பசையைத் தாளின் நாருக்குள்ளேயே உருக்கி இறக்கிவிடும். அப்புறம் பிரித்தால் மையும் சேர்ந்து வரும். பழைய தாளில் உள்ள அமிலமும் உள்ளேயே அடைபட்டு, தாள் பழுப்பேறி நொறுங்கும். விற்கப்போனாலும் விலை விழுந்துவிடும்.

முதலில் கடிதத்தில் குத்தியிருக்கும் குண்டூசியைக் கழற்றிவிடுங்கள். சென்னை ஈரக்காற்றில் அது துருப்பிடித்து, தாளில் ஓட்டையே போட்டுவிடும். பிறகு அமிலமில்லாத உறையில், மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். பிரிக்கும்போது முறியும் போலிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம்.

ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டீர்களா? சரி, நீங்களாகப் பிரிக்காதீர்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தாள்களைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், முதலில் அங்கே கேளுங்கள்.