மின்சாரப் பேருந்து டீசலைவிட அதிகம் மாசுபடுத்துகிறதா?

"மின்சாரப் பேருந்து வெறும் கண்துடைப்பு. புகை தெருவுக்குப் பதில் மின் நிலையத்தில் வருகிறது, அதுவும் டீசலைவிட அதிகமாக" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. முதல் பாதியில் கொஞ்சம் நியாயம் உண்டு. இரண்டாம் பாதி பொதுவாகச் சரியல்ல.

நகருக்குள் நின்று நின்று ஓடும் டீசல் பேருந்து 100 கிலோமீட்டருக்குச் சுமார் 40 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக, கிலோமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல். மின்சாரப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.2 யூனிட் போதும். உலக சராசரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே வெளியாகிறது. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ பாதிதான் வரும். முழுக்க நிலக்கரியையே நம்பும் இடத்தில் இந்த லாபம் கரைந்துவிடும், அதை மறைக்க வேண்டியதில்லை. அங்கேகூட நிறுத்தத்தில் நிற்பவர் மூக்கில் டீசல் புகை ஏறாது. அந்தப் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது.

"மின்சாரப் பேருந்து பெரிய அளவில் ஓடாது" என்று சிலர் சொல்வதும் தவறு. சீனாவின் ஷென்சென் நகரம் 2017 இறுதிக்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. வாங்கும் விலை அதிகம்தான். எரிபொருள், பராமரிப்புச் செலவு பொதுவாகக் குறைவு.

சந்தேகமிருந்தால் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு (ஐபிசிசி) 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் போக்குவரத்து அத்தியாயத்தைப் பாருங்கள். அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவருக்கு மேலே உள்ள கணக்கை அனுப்புங்கள்.