உடைமரத்தைக் கேட்க நாதியில்லை

சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை. கண்மாய் கண்மாயாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். 2022இல் மாநில அரசே அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. சந்தோஷம்.

ஆனால் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடிப் பக்கம் கடற்கரைக் காட்டில் ஜேசிபி இறங்கினால் கூடவே உடைமரமும் போகிறதே, அதைப் பற்றி யாராவது பேசுகிறோமா?

பார்த்தறியாதவர்களுக்குச் சொல்கிறேன். உடை, தலை தட்டையாகக் குடை விரித்த மாதிரி நிற்கும். நீளமான வெள்ளை முள், உருண்டையாக வெள்ளைப் பூ, சுருண்ட நெற்று. சீமைக்கருவேலத்துக்குப் பூ மஞ்சள் கதிராக வரும், காய் நீளமாகத் தொங்கும். ஆடு மேய்க்கிற பையன் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி வந்த காண்டிராக்டருக்கு அந்தக் கவலை எதற்கு? “எல்லாம் முள்ளுதானண்ணே” என்பார். அவ்வளவுதான், உடையும் சேர்ந்து விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்துக்குப் போய்விடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். காரங்காடு கடலோரத்தில் நிற்கிற அலையாத்தி மரங்களுக்கு 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் முதல்தரப் பாதுகாப்பு. மணல்மேடும் அதே வகைதான். 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டமோ மலைப்பகுதிக்கு மட்டும். கடலை விட்டுச் சற்று உள்ளே, பட்டா நிலத்தில் நிற்கும் உடையைப் பெயர் சொல்லிக் காக்க ஒரு வரி கிடையாது.

மணல்மேட்டு விஷயத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. மேட்டை மாற்றக் கூடாது என்கிறார்கள், சரி. அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பங்கொடியும் ராவணன் மீசை என்கிற புல்லும். “புல்லுதானே” என்று அதைச் சுரண்டி எடுத்துவிட்டால், ஆடிக் காற்றுக்கு மேடு தானாக நகர்ந்து பக்கத்துக் கொல்லையில் ஏறும். அதற்கு எவன் மேல் கேஸ் போடுவது?

அதற்காக உடைக்கும் ஆட்சியர் அனுமதி கொண்டுவாருங்கள் என்று கேட்க மாட்டேன். பனையில் நடப்பதைப் பார்க்கிறேனே. “பெருசாச்சுன்னா கலெக்டர் ஆபீசுக்கு அலையணும்” என்று வடலியிலேயே, சின்னப் பனையாக இருக்கும்போதே, பிடுங்கிப் போடுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்களைத் திட்டியும் பயனில்லை. வறண்ட காட்டை வைத்துக்கொண்டு வருமானம் பார்க்கிறவன், ஒரு மரத்துக்காக ராமநாதபுரத்துக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவான்?

நான் கேட்பது சின்னது. முள் வெட்டும் டெண்டரில் ஏக்கர் கணக்குக் கூலி வேண்டாம். தூரோடு பிடுங்கிய சீமைக்கருவேலத்துக்கு மட்டும் கூலி என்று எழுதுங்கள். மேலோடு வெட்டினால் அது மறுபடி துளிர்க்கும் என்பது ஊருக்கே தெரியும், ஆகவே அந்த வேலையும் ஒழுங்காக நடக்கும். ஜேசிபி வருவதற்கு முந்தின நாள் தலையாரியும் ஒரு ஆட்டுக்காரரும் போய் உடைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வரட்டும். பட்டாக்காரர் தன் இடத்தில் வரப்போரமாக நாலு உடையை விட்டுவைத்தால் வேலி அடைக்க அரசு ஏதாவது உதவி தரட்டும்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொடுக்கப் போகிறேன். எதிர்க்கிறவர்களும் வாருங்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள் கட்டாயம் வாருங்கள், உங்களை விட்டுவிட்டுப் பேசினால் இது நடக்காது.