அது அவன் இல்லையாம்!

இனி ஒருத்தர் என்னிடம் வந்து "அது ஒரிஜினல் இல்ல, உருவம் மாத்துற ஸ்க்ரலா இருக்கும்" என்று ஒரு சூப்பர்ஹீரோவைப் பற்றிச் சொன்னால் நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. ஒரு சூப்பர்ஹீரோ நமக்குப் பிடிக்காத முடிவு ஒன்றை எடுத்தால் போதும். நண்பனைக் கைவிட்டாலும் சரி, கோபத்தில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் சரி, உடனே சிவப்பு அம்புக்குறி போட்ட வீடியோ வந்துவிடுகிறது. கண்ணைப் பார்த்தீர்களா, கையைப் பார்த்தீர்களா, இது குளோன்தான், உண்மையான ஆள் எங்கோ அடைந்து கிடக்கிறான் என்று. நல்லவன் ஒருவன் தப்பு செய்வான், பயப்படுவான், சமயத்தில் துரோகமும் செய்வான் என்பதை ஏற்கவே யாரும் தயாராக இல்லை.

ஆனால் ரசிகர்களை மட்டும் திட்டி என்ன பயன்? நம்மை இப்படிப் பழக்கியதே கதை எழுதுகிறவர்கள்தான். எழுதியது பிடிக்கவில்லையா, விற்பனை சரிந்துவிட்டதா, அடுத்து வந்த எழுத்தாளருக்கு வேறு ஆசையா, உடனே "அது அவன் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நாம் அழுத அழுகை, நாம் பட்ட கோபம் எல்லாம் செல்லாமல் போய்விடுகிறது. எனக்கு இதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆள்மாறாட்டக் கதை என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். அது அருமையான கதை. 1962 ஜனவரி தேதியிட்ட, நால்வர் அணியைப் பற்றிய ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸின் இரண்டாம் இதழிலேயே ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அதைச் செய்து காட்டிவிட்டார்கள். நினைத்த உருவத்துக்கு மாறக்கூடிய ஸ்க்ரல்கள் என்ற பச்சை நிற வேற்றுக்கிரகவாசிகள் நான்கு பேர், நான்கு ஹீரோக்களின் உருவத்தில் வந்து அட்டூழியம் செய்கிறார்கள். கடலில் நிற்கும் எண்ணெய்க் கோபுரத்தைச் சாய்க்கிறார்கள், வைரத்தைத் திருடுகிறார்கள், சிலையை உருக்குகிறார்கள். ஹீரோக்களையே ராணுவம் தேடிப் பிடித்து அடைக்கிறது. ஒரு முகத்தை நம்பிக் கும்பிட்ட கூட்டம், அதே முகத்தைப் பார்த்து எவ்வளவு சீக்கிரம் கல்லெடுக்கும் என்பதுதான் அந்தக் கதையின் உயிர். கடைசியில் அணித் தலைவன் ரீட் ரிச்சர்ட்ஸ், ராட்சதக் காமிக்ஸ் படங்களை வெட்டியெடுத்து, பூமியைக் காக்கும் மிருகங்களின் போட்டோ என்று காட்டி ஸ்க்ரல் தலைவனை விரட்டுகிறான். மிச்சம் இருந்த ஸ்க்ரல்களை ஹிப்னாடிசம் செய்து பசுமாடுகளாக மாற்றி மேய விடுகிறான். அவ்வளவுதான், ஒரே இதழில் தொடங்கி ஒரே இதழில் முடிந்துவிட்டது. யாருடைய வாழ்க்கையையும் பின்னோக்கிப் போய் அழிக்கவில்லை.

அதே ஃபென்டாஸ்டிக் ஃபோரில் பின்னால் நடந்ததைப் பாருங்கள். 1987-ல், முந்நூறாவது இதழில், அணியில் ஒருவனான ஜானி ஸ்டார்முக்கும் அலிசியா மாஸ்டர்ஸுக்கும் கல்யாணம். அலிசியா கண் தெரியாத சிற்பி. அதற்கு முன் அதே அணியில் இருக்கும் ஜானியின் நண்பன் பென் கிரிம்மின் காதலி. பென் எவ்வளவு உடைந்துபோயிருப்பான், அந்த வலியை விழுங்கிக்கொண்டு அந்தக் கல்யாணத்தில் எப்படி நின்றிருப்பான்! அது நிஜமான மனிதர்களின் சிக்கல். 1991-ல் ஒரே அடியாக, அந்த அலிசியா அலிசியாவே இல்லை, லைஜா என்ற ஸ்க்ரல் உளவாளி என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் ரத்து, பென்னின் வலி ரத்து. சரி, அப்படியென்றால் உண்மையான அலிசியா? அத்தனை வருஷம் எதிரியிடம் மயக்கத்தில் அடைபட்டுக் கிடந்தாள். உயிருக்கு உயிராகக் காதலித்த பென்னுக்கு, கூடவே பழகிய ஜானியின் அக்கா சூவுக்கு, உலகத்திலேயே பெரிய மூளைக்காரன் ரீடுக்கு, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இதை எழுதியிருந்தால் அது கதை. வெட்கத்தில் அவர்கள் தலைகுனிந்திருக்க வேண்டாமா?

இதைவிட என்னால் மன்னிக்கவே முடியாதது ஆன்ட் மேயின் சாவு.

1995-ல் வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் நானூறாவது இதழ். பீட்டர் பார்க்கரை வளர்த்த ஆன்ட் மே, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் அவனிடம் சொல்கிறாள், அவன்தான் ஸ்பைடர்மேன் என்று தனக்கு ரொம்ப நாளாகவே தெரியும் என்று. அவனை நினைத்துப் பெருமைப்படுகிறாள். அப்புறம் வீட்டில், படுக்கையில், பீட்டரும் மேரி ஜேனும் பக்கத்தில் இருக்க உயிர் பிரிகிறது. பீட்டரின் குளோனான பென் ரைலிக்கும் அவள் அம்மா மாதிரிதான். பீட்டரின் நினைவுகள் முழுக்க அவனிடமும் இருக்கின்றன. ஆனால் அவனால் உள்ளே போய் உட்கார முடியாது, வெளியே தனியாக நின்று அழுகிறான். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இவ்வளவு நேர்மையான மரணக் காட்சியை நான் அதிகம் படித்ததில்லை. எழுதிய ஜே.எம்.டிமாட்டீஸ் ஒரு வார்த்தையைக் கூட வீணாக்கவில்லை.

1998-ல் என்ன சொன்னார்கள் தெரியுமா? செத்தது ஆன்ட் மே இல்லையாம். பீட்டரின் பரம எதிரி நார்மன் ஆஸ்பார்ன் ஏற்பாடு செய்த ஒரு நடிகையாம். மரபணுவை மாற்றி ஆன்ட் மே மாதிரியே ஆக்கப்பட்டவளாம். அந்தக் கட்டடத்தின் உச்சியில் பீட்டரிடம் பேசியது யார்? ஒரு நடிகை. பெருமைப்பட்டது யார்? ஒரு நடிகை. பென் ரைலி யாருக்காக அழுதான்? யாரோ ஒரு நடிகைக்காக. வருஷக்கணக்காகச் சீட்டுக் கட்டியவன் ஒரு நாள் காலையில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பானே, அப்படித்தான் அந்த வாசகர்கள் நின்றார்கள்.

அந்தக் குளோன் கதை முழுக்கவே இந்த லட்சணம்தான். 1994-ல் தொடங்கி சில மாதங்களில் முடிய வேண்டியது. நன்றாக விற்றதால் இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள். நடுவில், 1975 முதல் நாம் படித்துவந்த பீட்டர்தான் குளோன், பென் ரைலிதான் நிஜம் என்றார்கள். வாசகர்கள் கொதித்ததும், 1996 டிசம்பரில் பென்னைக் கொன்று பொடிப்பொடியாக உதிரவைத்து, இல்லை இல்லை, இவன்தான் குளோன் என்று மறுபடி மாற்றினார்கள். பாவம் பென். அவ்வளவு நல்ல பாத்திரம். தான் நிஜமா போலியா என்று தெரியாமலே வாழ்ந்து, எழுதுகிறவர்களின் பயத்துக்குப் பலியானான்.

2008-ல் வந்த சீக்ரெட் இன்வேஷனுக்கு வருகிறேன். பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதியது, எட்டு இதழ்கள். அவெஞ்சர்ஸ் என்ற ஹீரோ அணிக்குள்ளேயே ஸ்க்ரல்கள் புகுந்துவிட்டார்கள். ஹேங்க் பிம் ஸ்க்ரல். ஸ்பைடர் உமனாக அணியோடு சாப்பிட்டுச் சண்டைபோட்டுச் சிரித்தவள் ஸ்க்ரல் அரசி வெராங்கி. வீட்டை நிர்வகிக்கும் ஜார்விஸ் கூட ஸ்க்ரல். லூக் கேஜும் ஜெஸிகா ஜோன்ஸும் பச்சைக் குழந்தையை நம்பி அவரிடம் கொடுக்க, தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார். இதற்கெல்லாம் முன்கூட்டியே விதை போட்டிருந்தார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மோப்பத்துக்குப் பேர்போன வால்வரினின் மூக்கையே ஏமாற்றும் அளவுக்கு ஸ்க்ரல்கள் முன்னேறிவிட்டார்கள் என்ற விளக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். மூக்கு ஏமாறட்டும், கருவி ஏமாறட்டும். ஒரே மேசையில் தினமும் சாப்பிடுகிறவர்கள் ஏமாந்தது எப்படி என்று ஒரு பக்கமாவது உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டாமா? சண்டை, சண்டை, பக்கம் பக்கமாகச் சண்டை. முடிவில் ஒரு கப்பல் வந்து இறங்குகிறது. கடத்தப்பட்டவர்கள் எல்லாரும் வரிசையாக இறங்கி வருகிறார்கள். அவர்களில் மாக்கிங்பர்டும் ஒருத்தி. 1993-ல் கணவன் ஹாக்ஐயின் கண் முன்னே செத்தவள். செத்ததும் ஒரு ஸ்க்ரல்தானாம். பதினைந்து வருஷத் துக்கத்தை ஒரே கட்டத்தில் துடைத்துவிட்டார்கள்.

அந்தக் குப்பையிலிருந்தும் ஒரு நல்ல விஷயம் முளைத்தது. உண்மையான ஸ்பைடர் உமன் ஜெஸிகா ட்ரூ திரும்பி வரும்போது, உலகமே வெறுக்கும் ஒரு முகம் அவளுடைய முகம். அவள் எதுவும் செய்யவில்லை. ஆனால் தெருவில் போகிற எல்லாருக்கும் படையெடுத்து வந்த அரசியின் முகம் அதுதான். 2009-ல் பெண்டிஸும் ஓவியர் அலெக்ஸ் மலீவும் சேர்ந்து அவளுக்கென்று செய்த தொடர் இதைத் தொட்டது. போலி செய்த பாவத்தை நிஜம் சுமப்பது, இதுதானே எழுத வேண்டியது!

முடியாத வேலை ஒன்றுமில்லை. 1997-ல் தண்டர்போல்ட்ஸ் முதல் இதழ் வந்தது. அவெஞ்சர்ஸும் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் காணாமல் போன நேரத்தில் புதிதாக ஒரு ஹீரோ அணி. கடைசிப் பக்கத்தில்தான் தெரிகிறது, எல்லாரும் பாரன் ஜீமோ என்ற வில்லனின் பழைய கூட்டம் என்று. கர்ட் புசியெக் அந்த அதிர்ச்சியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஊர் கை தட்டத் தட்ட அந்த வில்லன்களில் சிலருக்கு நல்லவராக இருப்பது நிஜமாகவே பிடித்துப்போகிறது. யங் ஜஸ்டிஸ் அனிமேஷன் தொடரில் ரெட் ஆரோ கதை இன்னும் ஒரு படி மேலே. ஹீரோக்களுக்குள் இருக்கும் கறுப்பு ஆட்டைத் தேடித் தேடி அலைகிறவனே, தனக்கே தெரியாத குளோன். அவன் யாருடைய நகலோ அந்த உண்மையான ராய் ஹார்ப்பரைச் சின்ன வயதிலேயே கடத்தி, கையை வெட்டி, உறைய வைத்துவிட்டார்கள். உண்மை தெரிந்த பிறகு மற்றவர்கள் தேடுவதை விட்டுவிடுகிறார்கள். விடாமல் தேடுகிறவன் அந்தக் குளோன் மட்டும்தான், உடம்பும் வாழ்க்கையும் சீரழிந்த பிறகும். கண் விழித்த நிஜ ராய்க்குத் தன்னைக் கைவிட்டவர்கள் மேல் வருகிற கோபம் இருக்கிறதே, பார்த்தவர்களுக்குத் தெரியும். குழந்தைகள் பார்க்கும் தொடர் என்று ஒதுக்கப்படுகிற ஒன்றில் இவ்வளவு பொறுப்போடு எழுதியிருக்கிறார்கள்.

கேப்டன் அமெரிக்காவுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீளமாகப் பேசினால் ரத்தம் கொதிக்கும். ஜோ சைமன், ஜாக் கிர்பி என்ற இரண்டு யூத இளைஞர்கள் உருவாக்கி, 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்தவைத்த ஹீரோ அவன். 2016-ல் அவனை, ஸ்டீவ் ரோஜர்ஸை, ஹைட்ரா என்ற வில்லன் அமைப்பின் ஆள் என்று காட்டினார்கள். இது குளோன் கிடையாது, உருவம் மாறியும் கிடையாது, ஸ்டீவேதான் என்று பேட்டி கொடுத்தார்கள். 2017 ஆகஸ்டில் இன்னொரு ஸ்டீவ் வந்து இந்த ஸ்டீவை அடித்துப் போட்டான். அப்போது அந்தப் பேட்டிகள் எதற்கு?

இப்போது ரோடி, அயர்ன்மேன் டோனி ஸ்டார்க்கின் உயிர் நண்பன்.

2023-ல் ஆறு வாரம் ஓடிய சீக்ரெட் இன்வேஷன் டிவி தொடரில், ரோடியாக இருந்தது ஒரு ஸ்க்ரல் என்று தெரிகிறது. (மனிதர்களின் இடத்தில் போலிகள் உட்காரும் கதைக்கு, தொடக்கப் படங்களை ஓவியர்களுக்குப் பதில் ஏஐயை வைத்துச் செய்திருந்தார்கள், அதுவும் ஹாலிவுட் எழுத்தாளர்கள் தெருவில் நின்று வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த நேரத்தில். அதுவும் என் கணக்கில் இருக்கிறது.) கடைசிப் பகுதியில் உண்மையான ரோடியை வெளியே கொண்டுவருகிறார்கள். உடம்பில் மருத்துவமனை அங்கி, கால் ஊன்ற முடியவில்லை. எப்போது மாற்றினார்கள் என்று தொடர் சொல்லவில்லை. ஆனால் அந்த அங்கியும் கால்களும், அவன் வானத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்த 2016-ஐத்தான் கைகாட்டுகின்றன.

அது உண்மையானால் என்ன அர்த்தம் என்று எழுதியவர்கள் யோசித்தார்களா? அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் படத்தில், உடம்பு முன்பு போல் இல்லை என்று வருத்தப்படும் பாதி இயந்திரமான நெபுலாவிடம், இருப்பதை வைத்துச் சமாளிப்போம் என்று அவ்வளவு கனிவாகப் பேசியது யார்? காலில் கருவி மாட்டிய ஒரு மனிதன் தன் வலியிலிருந்து பேசினான் என்றுதான் நாம் நம்பினோம். டோனி ஸ்டார்க் சாகக் கிடக்கும்போது முதலில் பக்கத்தில் வந்து தலையைத் தொட்டது ரோடி. 2008-ன் முதல் படத்திலிருந்து கூடவே வந்த நட்பு அது. அந்த விடையையும் இப்போது ஒரு வேஷக்காரனுக்குத் தாரை வார்த்துவிட்டார்கள். தெளிவாக ஆமாம் என்று சொல்லவும் தைரியம் இல்லை, இல்லை என்று சொல்லவும் மனம் இல்லை. ரசிகர்கள் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கூண்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தபோது, அவெஞ்சர்ஸ் தோழி நடாஷா செத்துவிட்டாள் என்று அவனிடம் யார் சொன்னார்கள்? பாதி உலகம் ஐந்து வருஷம் மறைந்து திரும்பி வந்தது என்று யார் சொன்னார்கள்? உன் டோனி இப்போது இல்லை, கடைசியில் அவன் பக்கத்தில் உன் முகத்தோடு வேறு யாரோ இருந்தார்கள் என்று அந்த மனிதனிடம் யார் போய்ச் சொன்னார்கள்? ஆறு பகுதிகளில் இதற்கு ஐந்து நிமிஷம் கூடவா கிடைக்கவில்லை?