96 படத்துல சின்ன ராம் யாரு? அந்த ஃபார்வர்ட் தப்புங்க

நம்ம ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் ஒரு மெசேஜ் சுத்துது, 96 படத்துல ஸ்கூல் பையனா வர்ற ராம் விஜய் சேதுபதியோட சொந்தப் பையனாம், பாட்டெல்லாம் இளையராஜா போட்டதாம். ரெண்டுமே தப்பு.

கூடப் படிக்கிற ஜானு அவன் நெஞ்சுல கை வெச்சதும் மயங்கி விழுவானே, அந்தப் பையன் ஆதித்யா பாஸ்கர், நம்ம எம்.எஸ். பாஸ்கரோட மகன். அவ்ளோ அழகா நடிச்சவனோட பேரை இன்னொருத்தருக்கு குடுக்கறது மனசுக்கு கஷ்டமா இருக்கு. சின்ன ஜானு கௌரி கிஷன். விஜய் சேதுபதி பையன் சூர்யா அப்பாகூட நடிச்சது 2019ல வந்த சிந்துபாத், குழப்பம் அங்கேர்ந்து வந்திருக்கும்னு நினைக்கிறேன்.

மியூசிக் கோவிந்த் வசந்தா. ஜானு பாடிக்கிட்டே இருக்கறது பழைய ராஜா பாட்டுங்க, கரண்ட் போன இருட்டுல அவ ஆரம்பிக்கிற யமுனை ஆற்றிலே 1991ல வந்த தளபதி பாட்டு, ஆனா காதலே காதலே கோவிந்த் வசந்தாவோடது. டைரக்டர் பிரேம்குமார், அதுக்கு முன்னாடி கேமராமேன்.

படத்தை போட்டு டைட்டில் கார்டை நிறுத்தி படிச்சு பாருங்க. அந்த மெசேஜை இனிமே யாருக்கும் அனுப்பாதீங்க, ஏற்கனவே அனுப்பியிருந்தா அதே குரூப்ல இதையும் போட்ருங்க ப்ளீஸ்.