சிக்கனத்தால் அடைபடும் கடன் அல்ல இது

கல்விக் கடனைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “நாங்களெல்லாம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டிப் படித்து முன்னுக்கு வரவில்லையா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லை” என்று உறவினர்களில் மூத்தவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவது எனக்குத் தாங்க முடியாத எரிச்சலைத் தருகிறது. அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்று கல்லூரி வாசலை மிதிக்க முடிந்தவர்களே சிலர்தாம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் படித்தது அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ. அரசு வேலை கிடைத்தவர்களுக்கு ஓய்வூதியமும் சேர்ந்தே கிடைத்தது. 2004 ஜனவரி முதல் மத்திய அரசின் குடிமைப் பணியில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியம் இல்லை.

1980களின் நடுவில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கிய பிறகு இடங்கள் பெருகின. செலவோ குடும்பத்தின் தலையில் இறங்கியது. கட்டணம், விடுதி, பேருந்து என்று நான்கு ஆண்டுகளில் பல லட்சம் கரைகிறது. கடன் வாங்கினால் படிக்கும்போதே வட்டி ஏறத் தொடங்கி, படிப்பு முடிந்த ஓராண்டில் மாதத் தவணை வந்து நிற்கிறது. பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் பலவற்றில் புதிதாகச் சேர்பவரின் சம்பளமோ பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தை ஒட்டியே கிடக்கிறது. சென்னையின் வீட்டு வாடகை அப்படிக் கிடக்கவில்லையே! அறிவுரை சொல்லுமுன் அந்தப் பிள்ளையின் கடன் கணக்கை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.