பாரிஸில் பில் தாமதமாவது அமெரிக்கர் என்பதால் அல்ல

"அமெரிக்கர் என்று தெரிந்தாலே பாரிஸ் உணவகங்களில் வேண்டுமென்றே காக்கவைப்பார்கள், பையில் கனடா கொடியைக் குத்திக்கொண்டு போங்கள்" என்பது தவறான ஆலோசனை, நண்பரே. பிரான்சில் வாடிக்கையாளர் கேட்காமல் பில்லை நீட்டுவது, எழுந்து போகச் சொல்வதற்குச் சமம். அதனால்தான் கொண்டுவருவதில்லை. பரிமாறுபவரின் கண்ணைப் பார்த்து "லடிசியோன், சில் வு ப்ளே" என்று கேளுங்கள், வரும்.

அங்கே உண்மையில் முகம் சுளிக்கவைப்பது வேறு. கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லாமல் நேராக ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், எந்த நாட்டவருக்கும் வெடுக்கென்றுதான் பதில் வரும். முதலில் அதைச் சொல்லுங்கள் (மாலையில் "போன்சுவார்"), பதில் வணக்கம் வரும்வரை பொறுங்கள், பிறகு ஆங்கிலத்துக்கு மாறுங்கள். இந்த இரண்டு நொடியை அவசரத்தில் விடுவதால்தான் பாதிக் கசப்பு.

20 சதவீத டிப்ஸும் தேவையில்லை. பட்டியல் விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். திருப்தியாக இருந்தால் ஓரிரு யூரோ வைக்கலாம். கார்டு மெஷின் டிப்ஸ் கேட்டால் தயங்காமல் மறுக்கலாம். தண்ணீருக்கு "கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம். வெறுமனே "வாட்டர்" என்றால் பெரும்பாலும் காசுக்குப் பாட்டில்தான் வரும்.