நாமும் புள்ளிதான், ஆனால் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்

பொங்கலுக்கு எங்கள் செட்டிநாட்டு ஊரான பள்ளத்தூர் போயிருந்தேன். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் இப்போது வீட்டைத் திறக்கிறோம். வளவுக்குள் (வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) சிக்னல் எட்டாது, சுவர் அத்தனை கனம், அதனால் ஆச்சி மகன் (அக்காவைத்தான் எங்கள் பக்கம் ஆச்சி என்போம், வெளியூர்க்காரர்கள் பாட்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்) போனைத் தூக்கிக்கொண்டு முகப்புத் திண்ணைக்குப் போய்விட்டான். பக்கத்தில் அப்பத்தா. சோலோ லெவலிங் என்கிற அனிமே, அதாவது ஜப்பான்காரர்கள் எடுக்கிற கார்ட்டூன் தொடர், தமிழில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பத்தாவுக்கு அரக்கனும் புரியவில்லை, வாளும் புரியவில்லை, ஆனால் அந்தப் பையனுடைய தாயார் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. "அவுக ஆத்தா முழிச்சாகளாடா?" என்று அரை மணிக்கொரு தடவை கேட்கிறார்.

உள்ளே பட்டாலை என்கிற கூடத்தில் பெரியவர்கள் வீட்டை விற்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பயல் உள்ளே வந்து, "மாமா, நான் பாக்குற ஆப்பையும் யாருக்கோ விக்கப் போறதா பேசிக்கிறாங்க, என் லிஸ்ட் எல்லாம் போயிடுமா?" என்றான். ஒரே நாளில் இரண்டு விற்பனை. சரி, அதைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அனிமே செயலிகள் கைமாறுவது புதுக்கதை இல்லை. அனிமே பார்க்கிற பெரிய செயலியான க்ரஞ்சிரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் கலிஃபோர்னியாவில் படிப்பு முடித்த பையன்கள் சிலர் தொடங்கியது. ரசிகர்களே ஏற்றிய, உரிமை வாங்காத படங்கள்தான் ஆரம்பத்தில் அதில் ஓடின, அதாவது திருட்டு விசிடி கடை மாதிரி. 2009 வாக்கில்தான் அதையெல்லாம் எடுத்துவிட்டு ஜப்பானின் டிவி டோக்கியோ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு ஒழுங்குக்கு வந்தார்கள். அப்புறம் ஒரு முதலீட்டுக் குழு கைக்குப் போய், 2018-இல் முழுசாக ஏடி அண்ட் டி என்கிற அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி கைக்குப் போனது. அவர்களுக்குத் தலைக்கு மேல் கடன். 2020 டிசம்பரில், ஃபனிமேஷன் என்கிற போட்டிச் செயலியை ஏற்கெனவே கையில் வைத்திருந்த சோனிக்கு 117.5 கோடி டாலருக்கு விலை பேசி முடித்தார்கள். போட்டி கெடுமா என்று அமெரிக்க அரசின் நீதித்துறை குடைந்து குடைந்து பார்த்துவிட்டு விட்டது, 2021 ஆகஸ்டில் கிரயம் முடிந்தது.

அந்த விலையில் அவர்கள் வாங்கியது என்ன என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். படங்களையா? பெரும்பாலும் இல்லை. ஜப்பானில் ஒரு அனிமேயை ஒரு கம்பெனி தனியாக எடுப்பது குறைவு. தயாரிப்புக் குழு என்று ஒன்று அமைப்பார்கள். புத்தகம் போட்டவன் ஒரு பங்கு, டிவிக்காரன் ஒரு பங்கு, பாட்டுக் கம்பெனி ஒரு பங்கு, பொம்மை செய்கிறவன் ஒரு பங்கு. செட்டிநாட்டுக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் வீடு ஒன்றுதான், ஆனால் பங்காளிகள் பதினோரு பேர், ஒருத்தர் சிங்கப்பூரில் இருந்துகொண்டு போனே எடுப்பதில்லை. அதே கதைதான் அங்கேயும். ஸ்ட்ரீமிங் செயலி பங்காளிகூட இல்லை, ஒத்திக்கு எடுத்தவன். ஒப்பந்தக் காலம் முடிந்தால் படம் இறங்கிவிடும்.

அப்படியானால் அந்த 117.5 கோடி டாலரில் பெரும்பகுதி நமக்கான விலை. அப்போது பணம் கட்டிப் பார்த்தவர்கள் 30 லட்சத்துக்கு மேல், பெயர் பதிந்தவர்கள் 9 கோடி என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். எங்கள் கோயில்களில் கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி என்று கணக்கு. புள்ளி வரி கட்டவேண்டும், ஆனால் கட்டுகிறவன் கூட்டத்தில் எழுந்து நின்று "கணக்கைக் காட்டுங்க" என்று கேட்கலாம், கேட்டுச் சண்டையும் போடலாம், போட்டிருக்கிறார்கள். செயலியில் நாமும் புள்ளிதான், வரியும் மாதம் தவறாமல் ஆட்டோபேயில் போகிறது, கூட்டம் மட்டும் நமக்குத் தெரியாமல் நடக்கிறது.

இதற்காக விற்பதே பாவம் என்று அழ நான் தயாராக இல்லை. அன்றைக்கு ஃபனிமேஷனும் க்ரஞ்சிரோலும் ஒரே கைக்குப் போகின்றன, போட்டி போச்சு, விலை ஏறும் என்று நானும்தான் புலம்பினேன். நம்ம ஊரில் நடந்தது வேறு. 2022-இல் இந்தியாவுக்கு மாதம் 79 ரூபாய் என்று இறக்கினார்கள், அப்புறம் தமிழ் டப்பிங் வந்தது. ஆங்கிலம் தெரியாத அப்பத்தா இன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கிறார் என்றால் அதற்கு அந்த விற்பனையும் ஒரு காரணம். அதை மறைத்து எழுதினால் நான் பொய்யன்.

என் கோபம் வேறு இடத்தில். வீடு விற்கும்போது எங்கள் ஊரில் சாமான் கணக்கு எடுப்பார்கள். பித்தளை அண்டா எத்தனை, எனாமல் தூக்கு எத்தனை, மரவை என்கிற மரப் பாத்திரம் எத்தனை, எது யார் கல்யாணத்துக்கு வந்தது என்று நோட்டில் ஏறிய பிறகுதான் மிச்சம் மீதி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கிற பழைய சாமான் கடைக்குப் போகும். க்ரஞ்சிரோலோடு சேர்த்துவிட்டு ஃபனிமேஷனை மூடியபோது என்ன செய்தார்கள்? ப்ளூரே வட்டு வாங்கினவர்களுக்கு டிஜிட்டல் பிரதி என்று ஒரு குறியீடு கொடுத்திருந்தார்கள், நிரந்தரமாகப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் அதைச் சேர்த்துவைத்தார்கள். 2024 ஏப்ரல் 2-ஆம் தேதி செயலி மூடியது, பிரதிகளும் போயின. அந்த வருஷம் ஜூலையில் க்ரஞ்சிரோலில் ஒவ்வொரு பாகத்துக்கும் கீழே ரசிகர்கள் வருஷக்கணக்காக எழுதிய கருத்துகளையும் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கினதும் போச்சு, காசு வாங்காமல் எழுதினதும் போச்சு.

இது இத்தோடு நிற்காது. 2024 கடைசியில் சோனி, புத்தகமும் அனிமேயும் கேமும் வைத்திருக்கிற கடோகாவாவை வாங்கப் போகிறது என்று பேச்சு அடிபட்டு, முடிவில் 5,000 கோடி யென் போட்டு மொத்தம் 10 சதவீதத்தோடு பெரிய பங்குதாரர் ஆனது. ஒத்திக்கு இருந்தவன் மெல்லப் பங்காளி ஆகிறான். வியாபாரம், தப்பில்லை. அடுத்த தடவை ஏதாவது கைமாறும்போது மூன்று மாசம் முன்னால் சொல்லுங்கள், வாங்கினதை இறக்கி வைத்துக்கொள்ள விடுங்கள், பார்த்த பட்டியலை ஒரு கோப்பாகக் கையில் கொடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான், கட்டுகிற காசுக்கு இது அதிகம் என்றால் பத்து ரூபாய் கூட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

பயலிடம், "லிஸ்ட்டை ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கடா" என்றேன். என்னை ஏதோ பழைய சாமான் மாதிரி பார்த்தான். ஆனால் சாயங்காலம் வளவுத் தூணில் நாங்கள் சின்ன வயசில் பொங்கலுக்குப் பொங்கல் உயரம் அளந்து பேனாக்கத்தியால் கீறிய கோடுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து நாலாவது கோடு என்னுடையது, பக்கத்தில் 1994 என்று தப்பாக, 4 தலைகீழாக இருக்கும். ஒரு வியாபாரி அந்தத் தூணுக்கு மட்டும் தனியாக விலை கேட்டிருக்கிறார். பர்மா தேக்கு, இழைத்துவிட்டால் கோடு தெரியாது என்றாராம்.

கூட்டம் முடிவாகவில்லை. சிங்கப்பூர்க்காரர் இன்னும் போன் எடுக்கவில்லை.